ஆறாம் நாள் சுத்தம்

அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு பதவியும் உண்டு. இரண்டையும் யாரும் சொல்வதில்லை. வாசல் காவலர் முதல் மன்றத் தலைவி வரை எல்லோருக்கும் அவள் தூசியக்கா. மற்றவர்கள் வீட்டிலிருக்கும் தூசியைத் தட்டி வெளியே போடுவார்கள். இவள் வெளியே இருக்கிற தூசியைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து எடை போடுவாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை, இதற்குச் சம்பளமும் உண்டு.

வட்டார மன்றக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவளுடைய தராசு அறை. சன்னல் திறக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது, செருப்போடு வரக் கூடாது. உள்ளே வந்து ஒருவர் தும்மினால் அன்றைய வேலை போச்சு. உள்ளங்கை அளவு வெள்ளைத் தாளை இடுக்கியால் எடுத்து எடை போடுவாள். ஊரில் ஐந்து இடங்களில் உள்ள இயந்திரங்களில் அந்தத் தாள்களை வைத்துவிட்டு வருவாள். இயந்திரம் மறுநாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியைத் தாளில் படிய வைக்கும். மறுபடியும் எடை. கூடியிருப்பது எவ்வளவோ, அதுதான் ஊர் மூச்சில் இருக்கும் மண். கணக்கில் அது நூறைத் தாண்டக் கூடாது.

இதைத் தினமும் செய்வதில்லை, ஆறு நாளைக்கு ஒரு முறை. இந்த வாரம் திங்கள் என்றால் அடுத்தது ஞாயிறு, அதற்கடுத்தது சனி. இப்படி நாள் நகர்ந்துகொண்டே இருந்தால் எல்லாக் கிழமையின் காற்றும் கணக்கில் வந்துவிடும் என்று விதி எழுதியவர் நினைத்தார். புத்திசாலிதான், ஆனால் நம் மனிதர்களோடு பழகியவர் இல்லை.

அவளுக்கு ஓர் அக்கா. கூடப் பிறந்தது அந்த ஒருத்திதான். தையல்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. இவள் மொட்டைமாடியில் நின்றால் அவள் மொட்டைமாடி தெரியும். காலையில் பெரியவள் சிவப்புப் போர்வையைக் கொடியில் போட்டால், "எழுந்துவிட்டேன், கூப்பிடு" என்று அர்த்தம். இவள் போன் எடுப்பாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மாடியில் நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார்கள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் நேரில் போகவேண்டுமென்றால் முப்பத்துநாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். படகு ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்று ஒன்பது வருடம் ஆயிற்று. பெரியவளுக்கு முழங்கால் வலி வேறு. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள், இந்த இரண்டு பேருக்கும் பச்சை எல்லாம் வேண்டாம், பக்கமாக இருந்தால் போதும்.

அந்த முப்பத்துநாலு கிலோமீட்டரை ஒரு நாளைக்கு நான்கு தடவை ஓட்டுகிறவர் தூசியக்காவின் கணவர், பஸ் டிரைவர். "பாலம் வந்தா என் ரூட்டு பாதியாகும், முதுகுவலியும் பாதியாகும்," என்பார்.

பாலம் வருவதாகத்தான் இருந்தது. வட்டாரச் சாலைத் திட்டத்தில் அதுதான் முதல் வரி. வரைபடத்தில் கோடு போட்டவர் திட்ட அதிகாரி. எப்போதும் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார், அதனால் அவர் பெயரே பென்சில். ஆனால் கோடு போட்டால் மட்டும் சாலை வந்துவிடாது. புதிய சாலையில் ஓடப்போகும் வண்டிகளின் தூசியையும் புகையையும் சேர்த்து, ஊர்க் காற்று வரம்புக்குள் நிற்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மன்றம் கையெழுத்துப் போட முடியாது. பாலம் இறங்கும் இடம் பள்ளிக்கூடத் தெரு. அங்கே பள்ளி மாடியில் தூசியக்காவின் இயந்திரம் ஒன்று இருந்தது. மூன்று வருடச் சராசரி எழுபத்தெட்டு. பாலத்தின் போக்குவரத்துக்குப் பன்னிரண்டு சேர்த்தாலும் தொண்ணூறு. பென்சில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அக்கா, உங்க தூசிதான் இந்தப் பாலத்தைக் கட்டப்போகுது!"

தூசியக்கா அன்று மாலையே பெரியவளிடம் சொல்லிவிட்டாள். பெரியவள் உடனே நல்ல நடைச்செருப்பு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மன்றக் கூட்டத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது, பள்ளி மாடி இயந்திரத்தின் பம்பு பழுதாகி, ஆறாம் நாள் தாள் வெள்ளையாகவே வந்தது. அப்படி ஆனால் ஆறு நாள் முடிவதற்குள் இன்னொரு நாள் ஈடு செய்ய வேண்டும். அவள் பம்பைச் சரிசெய்து, ஒரு செவ்வாய்க்கிழமை தாளை வைக்கப் போனாள். பள்ளிக் காவலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பள்ளி அலுவலக எழுத்தர் சாவியைக் கொடுத்தார். அவள் வந்ததையும் போனதையும் தெருவில் யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை தாளை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எப்போதும் இளம் பழுப்பாக வரும் தாள், அடுப்பு துடைத்த துணி மாதிரி இருந்தது. தராசில் ஏதோ கோளாறு என்று மூன்று முறை எடை போட்டாள். தராசு மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னது. நூற்று அறுபத்துநாலு.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அந்தத் தெருவுக்கு நடந்து போனாள். கையில் தாள் இல்லை, பெட்டி இல்லை, குடை மட்டும். தெரு முனையிலேயே இருமல் வந்துவிட்டது. மணல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளி வாசலை உரசிக்கொண்டு போயின. செங்கல் மணல் கிடங்கில் மணல் மலையாகத் திறந்து கிடந்தது, காற்று அதை ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பள்ளிச் சுவரின் நிறம் என்னவென்று யாரும் பந்தயம் கட்டலாம். இது அவளுக்குத் தெரிந்த தெருவே இல்லை. லாரிகள் கிளம்புமுன் அதிகாலையில் வந்து தாளை வைத்தும் எடுத்தும் போகிற அவளுக்குத் தெரிந்த தெரு, துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

கிடங்குக்காரர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த நோட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"மேடம்! இன்னிக்கு உங்க நாள் இல்லையே!"

அந்த ஒரு வார்த்தையில் குட்டு உடைந்தது. சொல்லிவிட்டோமே என்று அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் பள்ளிக்குள் போய்க் காவலாளியைப் பிடித்தாள். கல்யாணத்திலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை, பெருமையாகச் சொன்னார்.

"நீங்க தாள் வெச்சுட்டுப் போனதும் நான் தெரு முழுக்கச் சொல்லிடுவேன் மேடம். மறுநாள் லாரி எல்லாம் வெளிவட்ட ரோட்டுல சுத்திப் போயிடும். கிடங்குல தார்ப்பாய் போட்டு மூடிடுவாங்க. நான் காலையில மூணு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம் தெருவுக்குத் தண்ணி அடிப்பேன். பின்ன? பரீட்சை அன்னிக்கு ஒழுங்கா இருக்க வேணாமா?"

"என்ன பரீட்சை?"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, எங்க தெருதான் ஃபர்ஸ்ட்டுன்னு!"

தூசியக்காவுக்குத் தலை சுற்றியது. சொன்னது உண்மைதான். ஆறு வருடம் முன்பு இயந்திரம் வைத்த புதிதில், "எங்களுக்கு எவ்வளவு மார்க்?" என்று அவர் ஆசையாகக் கேட்டார். பாவம், மாடிக்கு மாடி பெட்டியைத் தூக்கி உதவுகிற மனிதர், மனம் நோக வேண்டாம் என்று "உங்க தெருதான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லிவைத்தாள். உண்மையில் அப்போது மூன்றாவது. தெருவோ அந்தப் பொய்யை மெய்யாக்க ஆறு வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

விருந்தாளி வருகிற வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, வீடு எப்போதுமே இப்படித்தான் என்று அவள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பென்சிலிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை, பாலத்தின் மீது காதல் கொண்டவர்.

"ஒரே ஒரு ரீடிங்தானே அக்கா. அதுவும் பம்பு ரிப்பேரான வாரம். சந்தேகத்துக்கு இடமானதுன்னு தள்ளிடலாம். விதியில இடம் இருக்கு."

இடம் இருந்தது. அவளுக்குத் தெரியும். கையெழுத்து அவளுடையது, ஒருவரும் கேட்கப் போவதில்லை. தள்ளிவிட ஆசையும் இருந்தது, அதை ஒளித்துப் பயனில்லை. பெரியவளின் புதுச் செருப்பு கண்முன்னே வந்து நின்றது. ஆனால் பள்ளி வாசலில் லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டி நின்ற பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டுச் செருப்பை மட்டும் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"இன்னும் ஆறு நாள் சொல்லாம வெச்சுப் பாக்குறேன்," என்றாள்.

காவலாளியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆறு நாள் வைத்தாள். அவர் அந்த ஆறு நாளும் வாயைக் கட்டிக்கொண்டு பட்ட பாடு பெரும் பாடு. சராசரி நூற்று முப்பத்தொன்று வந்தது.

வீட்டில் கணவர் செய்தியைக் கேட்டார். முதுகைத் தடவிக்கொண்டார்.

"உனக்கு எது சரின்னு தோணுதோ பண்ணு. ஆனா பெரியவகிட்ட நீயே சொல்லு. என் பஸ்ல சேதி அனுப்பாத."

சொல்லியிருக்க வேண்டும். தினமும் சிவப்புப் போர்வை தெரிந்தது, தினமும் போன் போட்டாள். முழங்கால் பற்றிப் பேசினார்கள், துணி விலை பற்றிப் பேசினார்கள். பாலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஊருக்கே உண்மையை எடை போட்டுச் சொன்னவளுக்கு, கூடப் பிறந்தவளிடம் ஒரு வாக்கியம் சொல்லத் தைரியம் இல்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று கூட்ட நாளே வந்துவிட்டது.

மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. இரண்டு கரைக்காரர்களும் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பெரியவள், புதுச் செருப்போடு. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள், பாலத்துக்குக் கை தட்ட. தங்கையைப் பார்த்துக் கையசைத்தாள்.

தூசியக்கா எழுந்து நின்றாள். பள்ளித் தெரு எண் தவறு என்றாள். ஏன் தவறு என்றும் சொன்னாள். முதல் தப்பு தன்னுடைய வாயில் இருந்து வந்தது என்பதையும் விடாமல் சொன்னாள்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஆறு நாள்ல ஒரு நாள்தான் அந்தத் தெரு நல்லா இருக்குன்னு சொல்றீங்க?"

"ஆமாங்க. என் மெஷின் ஓடுற அன்னிக்கு மட்டும்."

சிரிப்பு எழுந்தது. பிறகு அதன் பொருள் புரிந்ததும் அடங்கியது. "நல்ல காரியத்துக்குக் குறுக்க நிக்கிறதே இந்தம்மாவுக்கு வேலை!" என்று யாரோ கத்தினார்கள். திட்டம் திருப்பி அனுப்பப்பட்டது. ஆறு மாதத்துக்குள் காற்றைச் சரிசெய்ய வழி சொன்னால் மறுபடியும் பார்க்கலாம் என்று எழுதினார்கள்.

வாசலில் பெரியவள் நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தாள் இவள். கத்தியிருந்தால் தேவலை.

"பாலம் போனா போகுது. ஆனா நீ எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்டி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் கொடியில் போர்வை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தூசியக்கா காலையில் மாடி ஏறுவதும், வெறும் கொடியைப் பார்த்துவிட்டு இறங்குவதுமாக இருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். கணவர்தான் அவ்வப்போது பஸ்ஸிலிருந்து சேதி கொண்டுவருவார், கொண்டுவர மாட்டேன் என்று சொன்ன அதே மனிதர்.

"இன்னிக்கு ஏறினா. உன்னைப் பத்திக் கேக்கல."

"கேக்கலையா?"

"இறங்கும்போது, 'அவளுக்கு இருமல் எப்படி இருக்கு'ன்னா. நான் சொல்றதுக்குள்ள இறங்கிட்டா."

ஐந்தாவது வாரம் பென்சில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசு அறைக்குள் வந்தார். இரண்டு பேரும் அதற்குள் பேசிக்கொள்வதையே குறைத்திருந்தார்கள். அவர் ஒரு தாளை விரித்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.

"அக்கா, நாம இதைத் திருட்டுன்னு நினைச்சிட்டு இருக்கோம். இது திருட்டு இல்லக்கா, சோதனை. மூணு வருஷம், நூத்தியெண்பது நாள். லாரி சுத்திப் போய், மணலை மூடி, தண்ணி அடிச்சா எழுபத்தெட்டு. இல்லேன்னா நூத்தி முப்பத்தொண்ணு. இதைச் செஞ்சா காத்து சரியாகும்னு இதைவிட யார் நிரூபிக்க முடியும்?"

தூசியக்கா தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அறையின் விதிகளை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு எடை போட முடியவில்லை.

அந்த வாரமே பள்ளியில் கூட்டம் போட்டார்கள். சின்ன வகுப்புப் பெஞ்சுகளில் லாரி டிரைவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். கிடங்குக்காரர் உட்கார்ந்த பெஞ்சு முனகியது.

"ஒரு நாள்னா சரி. ஆறு நாளும்னா எப்படிங்க?" என்றார் அவர்.

"ஆறு வருஷமா ஒரு நாள் ஒழுங்கா இருந்தீங்களே, அதை எப்படிப் பண்ணீங்க?" என்றாள் தூசியக்கா.

"அது மார்க்குக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்துகொண்டார். வயதான லாரி டிரைவர் ஒருவர் எழுந்தார். எழுந்ததில் பெஞ்சும் கூடவே எழுந்தது.

"வெளிவட்ட ரோடு பூரா குழி. ஒரு நாள் போனா ரெண்டு நாள் இடுப்பு வலிக்குது. அதைச் சரி பண்ணிக் குடுங்க, இந்தத் தெருப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டோம். ஸ்கூல் வாசல்ல ஹாரன் அடிக்கணும்னு எங்களுக்கென்ன ஆசையா?"

பென்சில் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். வருடக்கணக்காகக் காத்த கோட்டை அழித்துவிட்டு, பாலத்தைப் பள்ளித் தெருவில் இறக்காமல் வெளிவட்டச் சாலையோடு சேர்த்தார். சாலைக்கு முதலில் தார். மணலுக்கு நிரந்தரக் கூரை. பள்ளித் தெருவின் மண் ஓரங்களுக்குக் கல் பாவுதல். இனி இயந்திரம் எந்த நாள் ஓடும் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. அதைக் கேட்ட காவலாளி முகம் வாடிவிட்டது. "சொல்லாம வர்ற விருந்தாளிக்கு என்னன்னு மரியாதை பண்றது?" என்று புலம்பினார்.

தார் போட்டார்கள். தூசியக்கா முன்னறிவிப்பில்லாமல் பூனை மாதிரி போய்த் தாள் வைத்து எடுத்தாள். மூன்று மாதச் சராசரி எண்பத்துநாலு. பாலத்துக்கு ஒன்பது. மொத்தம் தொண்ணூற்று மூன்று.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. தராசை மூடினாள், கையுறையைக் கழற்றினாள், அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள், கணவர் பஸ்ஸில் ஏறினாள். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். முப்பத்துநாலு கிலோமீட்டர்.

பெரியவள் தையல் இயந்திரத்தில் இருந்தாள். வாசலில் நிழல் விழுந்தும் தலை நிமிரவில்லை.

"அக்கா. தொண்ணூத்தி மூணு."

தையல் நின்றது.

"அடுத்த வாரம் மீட்டிங். பென்சிலுக்கு இன்னும் தெரியாது, தலைவிக்கும் தெரியாது. முதல்ல உனக்குத்தான் சொல்றேன். போன வாட்டி சொல்லாம விட்டது தப்புதான். உன் முகத்தைப் பாக்கப் பயந்துட்டேன்."

பெரியவள் ஊசியிலிருந்து நூலை அறுத்தாள். "இதைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் பஸ்ல வந்தியா? போன் பண்ணினா ஆகாதா?"

"நீதான் போர்வை போடலையே."

பெரியவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மறுநாள் காலை சிவப்புப் போர்வை கொடியில் பறந்தது. தூசியக்கா அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பேசினாள். எடை போடத் தாமதமாகப் போனது அந்த இருபத்திரண்டு வருடத்தில் அன்று மட்டும்தான்.

மன்றம் கையெழுத்துப் போட்ட பிறகு பாலம் கட்டி முடிய இரண்டரை வருடம் ஆயிற்று. திறந்த அன்று நாடாவும் பேச்சும் முடிவதற்குள், பெரியவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். புதுச் செருப்பு பெட்டியிலேயே பழசாகிவிட்டது, ஆனாலும் அதைத்தான் போட்டிருந்தாள். முழங்கால் வலியோடு, நடுவில் ஒரு முறை நின்று, பதினைந்து நிமிடம். தூசியக்கா இந்த முனையில் காத்திருந்தாள். பக்கத்தில் காவலாளி, வழக்கம்போலத் தண்ணீர்க் குழாயோடு.

பெரியவள் வந்ததும் கையிலிருந்த பையை நீட்டினாள். உள்ளே மடித்த சிவப்புப் போர்வை.

"இந்தா, உன் கட்டில்ல விரி. இனிமே இதுக்கு அங்க வேலை இல்ல."

தூசியக்கா வாங்கிக்கொண்டாள். பழக்க தோஷம், போர்வையின் மடிப்பில் விரலால் ஒரு கோடு இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடி, மார்க் எவ்ளோ?" என்றாள் பெரியவள்.

"பாஸ்," என்று சொல்லிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.